அப்பா ஃபுட்பால் மானேஜர் ஆன விதம்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோடு முழுக்க எங்கள் அப்பாவை ‘செக்ரட்டரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தெரியாதவர்கள் ஏதோ பாங்கு செக்ரட்டரி, யூனியன் செக்ரட்டரி என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்று பேசுவார்கள். அப்பா திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். செக்ரட்டரி என்பது ஒரு ஃபுட்பால் டீமுக்கு. அதற்குச் சம்பளம் கிடையாது.

ஐம்பதுகளில் அந்த டீமுக்குத் திருச்சியில் நல்ல பேர் இருந்தது. ஓர் அரிசி மில் முதலாளி அதற்குப் பிரசிடெண்ட். கோப்பை வாங்கும் நாளில் மட்டும் ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து மாலையை வாங்கிக்கொள்வார். மற்றதெல்லாம் அப்பா. ஆள் பிடிப்பது, யார் ஆடுவது யார் உட்காருவது என்று முடிவு செய்வது, கிழிந்த பூட்ஸைத் தைக்கக் கொடுப்பது, பையன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்குவது, இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பது, ரெஃபரியோடு சண்டை போடுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் ஊர் பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே “ஆஃப்சைடு! ஆஃப்சைடு!” என்று கத்துவார். ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் வருவார்கள் என்று எனக்குத் தோன்றும்.

என் வகுப்புப் பெண்களின் அண்ணன்மார்கள் அதை வீட்டில் போய் நடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஸ்கூலில் நான் பிரேயருக்கு வரிசையில் வந்து நிற்கும்போது பின்னாலிருந்து யாராவது மெல்ல “ஆஃப்சைடு” என்பாள். வரிசை முழுக்கக் குலுங்கும். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அப்பா பெருமைப்பட்டுவிடுவார் என்று பயம்.

பிறகு அந்த டீம் கலைந்தது. நன்றாக ஆடுகிற பையன்களை ரயில்வேயும் மில்களும் வேலை கொடுத்து எடுத்துக்கொண்டன. ஒவ்வொருவனும் வேலை உத்தரவோடு வீட்டுக்கு வந்து அப்பா காலில் விழுவான். அப்பா விபூதி பூசி அனுப்புவார். கடைசியில் கோல் கீப்பரும் கேப்டனும்தான் மிஞ்சினார்கள். கேப்டனும் திருமணமாகி மாமனார் ஊருக்குப் போய்விட்டார். அதே சமயத்தில் கடையில் நின்று நின்று அப்பாவுக்குக் கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. முதலாளி மரியாதையாகவே “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா வீட்டில் உட்கார்ந்தார்.

நான் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் ஹையர் பாஸ் பண்ணி, புதிதாக வந்த பெரிய ஆலையில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. கைலாசபுரத்தில் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் செம்மண், சல்லி, பாதி ஏறிய சுவர். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி பஸ் பிடித்துப் போவேன். நான் வேலை பார்த்தது ஜெனரல் மானேஜர் ஆபீஸில். அவர் வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. நெட்டையான ஆள், அதிகம் பேச மாட்டார். ஃபுட்பால் என்றால் மட்டும் முகம் மாறிவிடும்.

அவருக்கு ஆலைக்கென்று ஒரு டீம் வேண்டும். சாயந்திரம் சும்மா உதைத்து விளையாடுகிற டீம் இல்லை. மெட்ராஸ், பெங்களூர் என்று போய்க் கோப்பையோடு திரும்புகிற டீம். அதற்கு ஒரு திட்டம் தயாரிக்கச் சொல்லி பெர்சனல் ஆபீசரிடம் சொன்னார். பெர்சனல் ஆபீசர் அதை எனக்கு டிக்டேட் செய்தார். ஜெனரல் மானேஜர் பிரசிடெண்ட். அவருக்குக் கீழே செக்ரட்டரி. அது பெர்சனல் ஆபீசரே. ஆட்டக்காரர்களுக்கு ஆலையில் வேலை போட்டுக் கொடுப்பது அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே இரண்டு பேர். கோச் பயிற்சியைப் பார்த்துக்கொள்வார். மானேஜர் ஆளைத் தேடிக் கொண்டுவருவது, தங்க இடம், வெளியூர்ப் பயணம், லீவு, வீட்டுச் சண்டை, ஒழுங்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். களத்தில் இறங்கும் பதினோரு பேரை யார் தேர்ந்தெடுப்பது, கோச்சா மானேஜரா என்று ஒரு வாரம் வாதம் நடந்தது. கடைசியில் இருவரும் செக்ரட்டரியும் சேர்ந்து ஒரு கமிட்டி என்று முடிவானது. யாரும் தனியாகப் பொறுப்பு ஏற்க வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று டைப் அடிக்கும்போதே எனக்குப் பட்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது வீட்டில் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். “அப்பா ஒருத்தரே செஞ்ச வேலைக்கு அங்க எத்தனை நாற்காலி போட்டிருக்காங்க தெரியுமாம்மா?” என்றேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அந்த நாற்காலிக்கெல்லாம் சம்பளம் உண்டுல்ல” என்றாள். அப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“மானேஜரை எப்படி எடுக்கப்போறாங்க, பாப்பா?”

“பேப்பர்ல விளம்பரம் கொடுத்து, இன்டர்வியூ வச்சு.”

“வெளியாளும் மனு போடலாமா?”

“போடலாம். ஆலைக்குள்ள யாருக்கு ஃபுட்பால் தெரியும்?”

அப்பா மறுபடி சாதத்தைப் பிசையத் தொடங்கினார். நான் அதை மறந்துவிட்டேன்.

இன்டர்வியூ அன்று ஜெனரல் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். தமிழில் பதில் சொல்லத்தான் வரும் என்கிறவர்களைத் தமிழிலேயே பேச விடலாம், நீ எனக்கு இங்கிலீஷில் சொல் என்றார். கேள்வி கேட்கிறவரே மொழிபெயர்த்தால் நன்றாக இருக்காது என்பது அவர் எண்ணம். அவருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு மறுபக்கம் பெர்சனல் ஆபீசர். பக்கத்தில் ஓர் இளம் இன்ஜினீயர். காலேஜ் டீமில் ஆடியவர் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலூர்ப் பக்கம். ரெஜிமெண்ட் டீமை நடத்தியவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கோச்சும் நீங்களும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “ஆட்டக்காரங்க முன்னாடி ஒத்துப்போவேன் சார். கதவைச் சாத்தினப்புறம் சண்டை போடுவேன்” என்றார். இதை நான் சொன்னதும் ஜெனரல் மானேஜர் தலையை ஆட்டினார். இவர்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அடுத்து ஒரு காலேஜ் டிரில் மாஸ்டர். நன்றாகத்தான் பேசினார், ஆனால் மானேஜரை விடக் கோச் வேலைக்கு ஏற்றவர்.

மூன்றாவதாகப் பியூன் கதவைத் திறந்தான். எங்கள் அப்பா உள்ளே வந்தார்.

கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு. தோள் தொங்கி, பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது. கீழே வேட்டி. நெற்றியில் விபூதி. வெற்றிலை போட்ட உதடு. அவர் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார். என் முறை வந்தது. என்னைப் பார்த்தார். கண்ணில் ஒன்றுமே இல்லை. “வணக்கம்மா” என்றார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று உடனே புரிந்தது. பெண்ணை வைத்து உள்ளே நுழைந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் மனு போட்டதையே என்னிடம் மறைத்திருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். பார்த்தும் கலங்காமல் தன் தீர்மானத்திலேயே நின்றார். நானும் பேசாமல் இருந்தேன்.

பெர்சனல் ஆபீசர் முதல் கேள்வி கேட்டார். “டீமுக்கு ஆள் எப்படிப் பிடிப்பீங்க?”

அப்பா ஆரம்பித்தார். உறையூரில் லெஃப்ட் அவுட் ஆடிய ஒரு பையன், தறிக்காரர் வீடு, அவன் அம்மா விடமாட்டேன் என்று சொன்னது, அப்பா போய் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தது, அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தது. கேள்வியை விட்டுவிட்டு அவர் அந்த வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். வீட்டில் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். இங்கே ஜெனரல் மானேஜர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சார்பும் காட்டிவிடக் கூடாது என்ற பயத்தில் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். “அவர் அந்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் மோர் கொடுத்தார்.” ஜெனரல் மானேஜர், “மோரா?” என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் சார், மோர் என்றேன்.

இன்ஜினீயர் ஆட்டமுறை பற்றி ஏதோ கேட்டார். அப்பா வாயால் சொல்லி முடியாமல் எழுந்து, மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட், இங்க் பாட்டில், டீ கப் எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தினார். “இவன் இங்க இருந்து பந்தைக் கொடுக்கிறான்னு வைங்க. எதிராளி இப்படி வர்றான்.” எதிராளியாக வந்த இங்க் பாட்டில் டீ கப்பில் இடித்தது. டீ முழுவதும் ஜெனரல் மானேஜரின் ஃபைல் மேல் பாய்ந்தது. அப்பா, “ஐயய்யோ” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். பியூன் ஓடிவந்தான். அவனோடு சேர்ந்து குனிந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் முதுகில், கோட்டுத் தையல் விட்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

“சரிங்க, நாங்க சொல்லி அனுப்புறோம்” என்றார் பெர்சனல் ஆபீசர்.

“போயிட்டு வரேன் சார். வரேம்மா” என்று சொல்லிவிட்டு, ஈரத் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வெளியே போனார்.

கதவு மூடியதும் இன்ஜினீயர் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பை விட்டுவிட்டார். “என்ன சார், சேலை விரிக்கிற மாதிரி மேஜை பூரா விரிச்சுட்டுப் போறாரு?” என்றார். பெர்சனல் ஆபீசர், “கோட்டைப் பாத்தீங்களா? நாடகக் கம்பெனியில ராஜாவுக்குப் போட்டு, ராஜா செத்ததுக்கப்புறம் வாடகைக்கு விட்டிருப்பான்” என்றார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜெனரல் மானேஜர், “என்ன ஜோக்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஒண்ணுமில்லை சார்.”

“இல்லை, நானும் தெரிந்துகொள்கிறேன்.” என் பக்கம் திரும்பினார். “நீ சொல்.”

நான் சொன்னேன். சேலை, நாடகக் கம்பெனி, செத்துப்போன ராஜா, எதையும் விடவில்லை. அதுவரை காலையிலிருந்து தடுமாறிய என் இங்கிலீஷ் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எங்கிருந்தோ அழகாக வந்தது. ஜெனரல் மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பு என்னால் வந்தது.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. “அவர் எங்கள் அப்பா, சார்.”

இங்கிலீஷில்தான் சொன்னேன். யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இன்ஜினீயர் தன் ஷூவைப் பார்த்தார். பெர்சனல் ஆபீசர், “ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார். அவர் மனு போட்டது எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். அதைச் சொன்னது இன்னும் கேவலமாக இருந்தது. ஜெனரல் மானேஜர் எழுந்து நின்றுவிட்டார். எனக்காக அவர் எழுந்து நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. “நீ போய் டீ சாப்பிடு” என்றார்.

பெண்கள் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பியூன் வந்து கூப்பிட்டான். பெர்சனல் ஆபீசர் என்னைப் பார்க்காமல், உத்தரவை டைப் அடிக்கச் சொன்னார். இரண்டு சீசனுக்கு ஒப்பந்தம். பேரைச் சொன்னார். அப்பா பேர்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். வீட்டில் இன்னொரு சம்பளம் வரப்போகிறது. ஆனால் அந்தப் பேரை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் என்னைக் குத்தியது. அவர்கள் வெட்கப்பட்டுப் போட்ட வேலை அது. மூன்று பெரிய மனிதர்கள் ஒரு பெண் முன்னால் கூனிக் குறுகி, அதிலிருந்து தப்பிக்க எங்கள் அப்பாவுக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டார்கள்.

சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் அந்த சுபேதார் சின்னத் தகரப் பெட்டியோடு நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு வந்தார்.

“முடிவாயிடுச்சாம்மா?”

“ஆயிடுச்சுங்க. வேற ஒருத்தருக்கு.”

“கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரே, அவருக்கா?”

தலையை ஆட்டினேன்.

“நல்ல மனுஷன். வெளியில உக்காந்திருக்கப்ப எனக்கு வெத்தலை மடிச்சுக் கொடுத்தாரு. வேலூர்லேருந்து வந்தீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு” என்றார். “ஆளுங்களைக் கவனிக்கத் தெரிஞ்சவரைத்தான் எடுத்திருக்காங்க. சரிதான்.” அவர் மனதாரச் சொன்னார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சத்திரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

உத்தரவு தபாலில் வந்த நாள் அப்பா லாலா கடை அல்வா வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் அழுதாள். எல்லோரும் போனபின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீ அங்க உக்காந்திருந்ததைப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் பதறிடுச்சு பாப்பா. எங்க அப்பான்னு சொல்லிப்புடுவியோன்னு. ஆனா நீ என் பொண்ணு. ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்கு இந்த வேலையைவிடப் பெருமை.”

அல்வாவை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அப்பா நன்றாகத்தான் வேலை பார்த்தார் என்று சொல்ல ஆசை. பாதி உண்மை. பையன்களுக்கு அவரைப் பிடித்தது. கைலாசபுரத்தில் கம்பெனி வீடு ஒன்றைக் கேட்டு வாங்கி அவர்களை ஒன்றாகத் தங்க வைத்தார். கேரளாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே இருந்து வேப்பிலை வீசினார். ஆனால் ரயில் டிக்கெட் ரிசர்வ் பண்ண மறப்பார். வெளியூர்க் கிளப்புகளுக்கு எழுத வேண்டிய பதிலை எழுத மாட்டார். ஒரு தடவை டீம் மதுரையில் போய் இறங்கிய பிறகுதான் ஆட்டம் அடுத்த வாரம் என்று தெரிந்தது.

அதையெல்லாம் பெர்சனல் ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லாமல் சரிசெய்தார். அப்பா கேட்டதெல்லாம் கிடைத்தது. புது பூட்ஸ், தனி பஸ், பையன்களுக்குக் காலையில் முட்டை. “பேசுற விதத்துல பேசினா எந்த ஆபீசரும் கேப்பாரு” என்று அப்பா வீட்டில் சொல்வார். அந்த ஆபீசர் என் மேஜையைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சீசன் முடிந்ததும் ஜெனரல் மானேஜருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. அதோடு அந்த வெட்கமும் மெல்ல வடிந்தது. பெர்சனல் ஆபீசர் ஏதோ ஒரு கோபத்தில் அந்தக் கதையைக் கோச்சிடம் சொல்லியிருக்கிறார். கோச் பெங்களூர்க்காரர், கறாரான ஆள். ஒரு செமி ஃபைனலில் தோற்றபின் நடந்த கமிட்டியில் அப்பாவுக்கும் அவருக்கும் முற்றியது. அப்பா ஒரு பையனை உட்கார வைத்தது தப்பு என்றார் கோச். கோச்சுக்கு ஆளைத் தெரியாது என்றார் அப்பா. அப்போது கோச் சொல்லிவிட்டார். “உங்க பொண்ணு அழுததால வந்த வேலையில உக்காந்துகிட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க.”

அன்று அப்பா கம்பெனி பஸ்ஸில் வரவில்லை. நான் வந்து விளக்கேற்றும் நேரத்துக்குச் சத்திரத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். காலைக் கழுவிவிட்டு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

“நீ அழுதியா?”

“இல்லப்பா. அழல.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“எதுக்குச் சொன்னே?”

நான் நடந்ததைச் சொன்னேன். எதுவரை சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திணறினேன். அவர் விடவில்லை. “என்ன சொல்லிச் சிரிச்சாங்க? அப்படியே சொல்லு” என்றார். இரண்டாவது தடவையாக நான் அதைச் சொன்னேன், இந்த முறை தமிழில், அவர் முகத்துக்கு நேராக. சேலை விரிப்பது. நாடகக் கம்பெனி. ராஜா. அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வாடகைக் கோட்டு இல்லை அது. சொந்தக் கோட்டு” என்றார். அதற்கப்புறம்தான் அவர் குரல் உடைந்தது. “உன்னைப் போய் அதை எடுத்துச் சொல்ல வச்சுட்டாங்களே.”

என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் எனக்காக அழுதார்.

மறுநாள் அவர் நேரே பெர்சனல் ஆபீசர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. என் மேஜை வரைக்கும் கேட்டது.

“மறுபடியும் இன்டர்வியூ வைங்க சார். என் பொண்ணு வேண்டாம். வேற யாரையாவது உக்கார வைங்க. நானும் வரேன், மத்தவங்களும் வரட்டும். இப்ப இது எதிர் டீம் வராம ஜெயிச்ச மாட்ச் மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்.”

“அப்படியெல்லாம் ரூல் கிடையாதுங்க. ஒப்பந்தம் இந்த சீசன் முடியற வரைக்கும் இருக்கு.”

“அந்த வேலூர்க்காரரைக் கூப்பிடுங்க.”

“அவர் வேற மில்லுல சேந்துட்டாருங்க. நீங்க போய் வேலையைப் பாருங்க. நடந்தது நடந்துபோச்சு.” அவர் குரல் தாழ்ந்தது. “அன்னைக்கு நான் பேசினது தப்பு. அதுக்காகத்தான்...”

“அதுக்காகத்தான் கொடுத்தீங்க. அதைத்தான் சொல்றேன்” என்றார் அப்பா.

ராஜினாமா செய்துவிடுவார் என்று நினைத்தோம். செய்யவில்லை. டீம் பாதி சீசனில் இருந்தது. பையன்களை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. கோச்சிடமே போய், “ஆட்டத்தை நீங்க பாருங்க, ஆளுங்களை மட்டும் நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். கமிட்டியில் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டார். அந்த சீசன் டீம் நன்றாக ஆடியது, ஒரு கோப்பையும் வந்தது. கோப்பையோடு போட்டோ எடுத்தபோது மானேஜர் நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா, பையன்களுக்கு சோடா வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் வந்தாராம்.

என்னோடு ஒரே பஸ்ஸில் வருவதையும் விட்டுவிட்டார். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவர் முந்தின பஸ்ஸில் போயிருப்பார். கோபமா என்று ஒருநாள் கேட்டேன். “கோபம் என்ன கோபம்? நீ உன் வேலைக்குப் போறே, நான் என் வேலைக்குப் போறேன். ஜனங்க சேத்துப் பாக்க வேண்டாம்” என்றார். நான் வெளிக்குச் சிரித்துவைத்தேன். அந்த ஏற்பாட்டில் எனக்கு நிம்மதி இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒப்பந்தம் முடிந்ததும் புது ஜெனரல் மானேஜர், அவரும் தமிழ் தெரியாதவர்தான், மறுபடி விளம்பரம் கொடுத்தார். அப்பா மறுபடி மனு போட்டார். இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டே போட்டார். இன்டர்வியூ அன்று நான் லீவு போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் வீட்டில் இருந்தேன். அம்மாவும் நானும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். கிடைக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று தெரியாது.

மத்தியானம் அப்பா திரும்பி வந்தார். சட்டையும் வேட்டியும்தான், கோட்டு இல்லை. “டிரில் மாஸ்டருக்குப் போயிடுச்சு. போன தடவை வந்தாரே, அவருக்கு” என்றார். “நல்லா பதில் சொன்னாராம். வெளியில எங்கிட்டயே எல்லாத்தையும் சொல்லிக் காமிச்சாரு.”

அம்மா, “நீங்க?” என்றாள்.

“நானும் சொன்னேன். மோர்க் கதையை விட்டுட்டேன்.” இலையைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். “இந்தத் தடவை ஒழுங்காத் தோத்தேன்” என்று சொல்லிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சாதம் கேட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் நான் ஆபீஸுக்குப் போனேன். அப்பா வெளியே வந்து கதவு மூடிய பிறகு அந்த அறையில் யாராவது சிரித்தார்களா, சிரித்திருந்தால் அதைப் புது ஜெனரல் மானேஜருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள் என்று ஒருத்தரிடமும் நான் விசாரிக்கவில்லை.